முதுகில் திருமண்

நான் ஏழாவது படித்த வருடம், தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது. இரவெல்லாம் மழை. காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போனபோது, எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டு வாசல் விளக்குக்குக் கீழே, சுவரில் இரண்டு பெரிய விட்டில்கள் அப்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். இரண்டின் முதுகிலும் வெளிர் மஞ்சளில் முகம் போன்ற ஓர் அடையாளம்.

சற்று நேரத்தில் எடமலைப்பட்டி புதூரிலிருந்து அத்தை ஆட்டோவில் வந்து இறங்கினாள். அப்பாவுக்கு அவள் அக்கா. கூடவே அவள் மகள், எனக்கு அத்தங்கா. வந்த காரணத்தை என்னிடம் யாரும் சொல்லவில்லை. பிற்பாடு தெரிந்துகொண்டதை இங்கேயே சேர்த்துவிடுகிறேன். அத்தங்கா தன்னோடு வேலை பார்க்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டாள். பையனும் ஐயங்கார்தான், ஆனால் வடகலை. நாங்கள் தென்கலை. அவர்கள் நெற்றித் திருமண் அடியில் வளைந்து முடியும். எங்களுடையதற்குக் கீழே பாதம் உண்டு. வெளியார் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அத்தை கண்ணுக்கு அப்படியில்லை. தம்பியோடு கலந்துபேசி முடிவு சொல்ல வந்திருந்தாள்.

வாசலிலேயே அவள் பார்வை சுவரில் நின்றது.

"மண்டையோடுன்னா போட்டிருக்கு இதுல. கல்யாணம் பேச வந்த எடத்துல இதென்ன. தொடப்பத்தை எடுடி."

"மண்டையோடு இல்லக்கா, திருமண். நன்னா பாரு," என்றார் அப்பா.

அத்தை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தாள். "இதுக்குப் பாதம் இருக்கு. அதுக்கு இல்லையே."

"அப்போ அது சம்பந்தியாத்துலேர்ந்து வந்திருக்கு."

அத்தங்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எனக்கோ எரிச்சல். முதுகு அடையாளம் பூச்சிக்குப் பூச்சி சற்று மாறும், அதை மட்டும் நம்பக்கூடாது என்று பள்ளி நூலகப் புத்தகத்தில் படித்திருந்தேன். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை அடியில் நுழைத்து முதல் விட்டிலைத் தூக்கினேன். அது எலிக்குஞ்சு போலக் கீச்சிட்டது. அத்தை படியிறங்கி நின்றுகொண்டாள். அடிவயிறு சுத்த மஞ்சள். மஞ்சள் பின்சிறகில் இரண்டு கறுப்புப் பட்டைகள். அடுத்தது கொஞ்சம் பெரியது. அதன் அடிவயிற்றில் குறுக்கே கறுப்புப் பட்டைகள்; பின்சிறகோ உடம்போடு சேரும் இடத்தில் மை கொட்டினாற்போல் இருந்தது.

"ரெண்டும் வேற வேற இனம்," என்று தீர்ப்புச் சொன்னேன்.

"சொந்தம்தானே?" என்றார் அப்பா.

"நெருங்கின சொந்தம்."

"புழுவா இருக்கச்சே ஒரே செடியைத்தானே திங்கறது?"

"எள்ளுச் செடி, கத்தரிச் செடி, ரெண்டும் திங்கும்."

"ரெண்டும் கத்தறதோல்லியோ?"

"கத்தும். இருந்தாலும் வேற வேற."

அத்தை குறுக்கே புகுந்தாள். "ஒண்ணோட ஒண்ணு சேருமோடி?"

"சேராது அத்தை. சேரவே சேராது."

அத்தங்கா விருட்டென்று உள்ளே போய்விட்டாள். அப்பா என்னை முறைத்தார். சரியான பதிலுக்கு எதற்கு முறைப்பு என்று விளங்கவில்லை. அத்தைக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். அவளோ மகள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுகளுக்கு எப்படித் தெரியும், இது நம்மவான்னு? திருமண்ணைப் பாத்தா?" என்று என்னைக் கேட்டாள்.

"முதுகுல இருக்கறது அதுக்கே தெரியாது அத்தை. அதெல்லாம் நாம பாக்கறதுதான். அது வாசனையை வெச்சுண்டு இருட்டுலயே தேடிண்டு வந்துடும்."

அத்தை படியேறி வந்து, என் கையிலிருந்த பத்திரிகையை வாங்கி, அதன் மேலிருந்த விட்டிலைத் தானே சுவரில் ஏற்றிவிட்டாள். அது கீச்சிட்டது, இம்முறை அவள் நகரவில்லை.

"அந்தப் பையனுக்கு எந்த ஊர்னுடா சொன்னா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"மண்ணச்சநல்லூர். தோப்பனார் வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவராம்."

"ஒரு நாள் ஆத்துக்கு வரச் சொல்லு. பாப்போம்."

பின்சிறகைப் பற்றி நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. பூச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் நடுவில் ஒரு பையன் எங்கிருந்து வந்தான் என்று எனக்குக் கோபம். உள்ளேயிருந்து அத்தங்கா ஓடிவந்து, என் இரண்டு கன்னத்தையும் பிடித்து முத்தம் கொடுத்தாள். இனத்தைச் சரியாகச் சொன்னதற்குத்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.