தாலி ஒரு டிஸ்க்கில், டின்னர் ஒரு டிஸ்க்கில்

சிம்பாங் ரெங்கத்தில் அக்காவுக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் எல்லாம் படம் எடுப்பாள். நான் செனாயில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். கணினியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தால் சோற்றை மறந்துவிடும் ஆள்.

ஸ்டூடியோவின் பழைய கணினி படுத்துக்கொண்டபோது நானே புதிதாக ஒன்றைக் கட்டிக் கொடுத்தேன். லினக்ஸ் போட்டேன். படங்களுக்கென்று இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவது அந்த நொடியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது பிழைத்திருக்கும். பெட்டியின் முகப்பில் இழுப்பறை போல இரண்டு தட்டுகள் வைத்தேன். திருப்புளி இல்லாமலே டிஸ்க்கை உருவி எடுக்கலாம். அதற்கு ஒரு தேவையும் இல்லை. பார்க்க அழகாக இருந்தது, வைத்தேன்.

திரையிலும் சும்மா இருக்கவில்லை. நான்கு வேலைத்திரைகள் அமைத்தேன். விசையைத் தட்டினால் ஒன்று வழுக்கிப் போய் அடுத்தது வரும். வாடிக்கையாளருக்குப் படம் காட்டும்போது மூலையில் அறிவிப்புகள் எட்டிப் பார்ப்பது அசிங்கமாக இருக்கிறது என்று அக்கா சொன்னாள். எல்லா அறிவிப்புகளின் வாயையும் அடைத்தேன். அடைத்ததை மறந்தும் போனேன்.

அன்றே அக்கா கேட்டாள். "ரெண்டு டிஸ்க் வாங்கச் சொன்ன. இங்க ஒன்னுதானே காட்டுது?"

"உள்ள ரெண்டு இருக்குக்கா. வெளிய ஒன்னா காட்டும்."

"அப்ப ரெண்டாவது எதுக்குடி?"

"ஒன்னு போனா இன்னொன்னு இருக்கும். ரெண்டுலயும் அதே படம்தான்."

அக்கா தலையாட்டினாள். புரிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து யோங் பெங்கில் ஒரு கல்யாணம். வெள்ளிக்கிழமை காலை கோயிலில் தாலி, ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் வரவேற்பு டின்னர். இரண்டையும் அக்காதான் எடுத்தாள். திங்கள் சாயங்காலம் போன் வந்தது.

"ஏய், டின்னர் இருக்கு, தாலியக் காணோம்."

"வேற திரைக்குப் போயிட்டியா? நாலையும் தட்டிப் பாரு."

"பாத்துட்டேன். ஒன்னுல கால்குலேட்டர் கெடக்கு, மத்ததுல ஒன்னும் இல்ல."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

பத்து நிமிடத்தில் மறுபடியும் அழைத்தாள். "தாலி வந்துருச்சு."

"பாத்தியா."

"டின்னரக் காணோம்."

ஒரு டிஸ்க் கெட்டால் எல்லாமே போக வேண்டும், அல்லது எதுவுமே போகக் கூடாது. முறை வைத்துக்கொண்டு வந்து போகும் படங்களை நான் கேள்விப்பட்டதே இல்லை. கேமரா கார்டுகளில் இருக்குமே என்றேன்.

"அழிச்சுட்டேன் லா. அடுத்த ஃபங்ஷனுக்கு கார்டு வேணாமா? நீதானே சொன்ன ரெண்டு காப்பி இருக்குன்னு. சனிக்கிழமை அஞ்சு மணிக்குப் பொண்ணு ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வருது. மறுநாள் சிங்கப்பூர் போயிரும்."

கணினியை அணைத்துவிடு, நான் வரும்வரை தொடாதே என்றேன். அந்த வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் என் கைதான் வேலை செய்தது.

சனிக்கிழமை பாதி ஷிப்ட். மோட்டார் சைக்கிளில் நேராக ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேரும்போது மணி இரண்டு. கேபிளை மாற்றினேன். நினைவகத்தைக் கழற்றி மாட்டினேன். போன மாதம் நான் மாற்றிய திரை அலங்காரத்தின்மேல்கூடச் சந்தேகம் வந்தது. கடைசியில் டிஸ்க் நிரலைத் திறந்தேன். இரண்டும் ஆரோக்கியம் என்றது. ஆனால் இடது டிஸ்க்கைக் கேட்டால் வலதைக் காணோம் என்றது. வலதைக் கேட்டால் இடதைக் காணோம் என்றது. இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில்தான் உட்கார்ந்திருந்தன.

அறிவிப்புகளின் வாயைத் திறந்துவிட்டேன். அடுக்கடுக்காக விழுந்தன. ஜோடியில் ஒன்றைக் காணோம், ஜோடியில் ஒன்றைக் காணோம் என்று போன வாரத் திங்களிலிருந்தே அது கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

ஜோடியைச் சரிசெய்ய ஒரு பொத்தான் உண்டு. ஒரு டிஸ்க்கை மூலமாக வைத்து மற்றதன்மேல் அப்படியே எழுதிவிடும். அம்பை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். பின்னால் நின்ற அக்கா கேட்டாள்.

"எதுலேர்ந்து எதுக்குடி காப்பி போகும்?"

"நல்லதுலேர்ந்து கெட்டதுக்கு."

"எது கெட்டது?"

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எதுவும் கெட்டதில்லை; தாலி இடதில் மட்டும் இருந்தது, டின்னர் வலதில் மட்டும். இடதிலிருந்து எழுதினால் டின்னர் அழியும். வலதிலிருந்து எழுதினால் தாலி அழியும்.

"நீ டிஸ்க்கத் தொட்டியாக்கா?"

"தொடல. வீட்டுக்குத்தான் எடுத்துட்டுப் போனேன்."

எங்கள் வீட்டில் எந்தப் பத்திரத்துக்கும் இரண்டு நகல். ஒன்று எங்களிடம், ஒன்று சித்தி வீட்டில், பிஸ்கட் டின்னுக்குள். அம்மா பிறந்த எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகள் ஒரு வரிசை எரிந்து, எல்லாரும் பிறப்புச் சான்றிதழுக்கு அலைந்த காலத்திலிருந்து வந்த பழக்கம். இரண்டு வாரத்துக்கு முன் ஸ்டூடியோவுக்குப் பக்கத்துக் கடையில் வயர் கருகியபோது அக்காவுக்கு அது ஞாபகம் வந்திருக்கிறது.

"ரெண்டு காப்பியையும் ஒரே பொட்டியில யாருடி வைப்பா? சனிக்கிழமை ஒன்ன உருவி எடுத்துட்டுப் போவேன். திங்கக்கிழமை கொண்டாந்து சொருகுவேன். ஒரு வாரம் வலது, ஒரு வாரம் இடது. ஒன்னே அலைய வேணாம்னு."

காகிதத்தில் வரைந்தேன். முதல் வாரம் வலது வீட்டுக்குப் போய் வந்தது. வெளியே போய் வந்ததைக் கணினி தானாகச் சேர்த்துக்கொள்ளவில்லை; அதைச் சொல்ல வந்த அறிவிப்பையும் நான் அடைத்து வைத்திருந்தேன். ஆகவே வெள்ளிக்கிழமைத் தாலி இடதில் மட்டும் ஏறியது. அடுத்த சனி, இடது வீட்டுக்குப் போனது. திங்கள் காலை அக்கா அதை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்து, உள்ளே இருந்த வலதில் டின்னரை ஏற்றினாள். மத்தியானம் போய் இடதைக் கொண்டுவந்து செருகினாள். அதிலிருந்து ஒவ்வொன்றும் தன்னையே மூலம் என்று நினைத்துக்கொண்டு, எது முதலில் விழிக்கிறதோ அது திரைக்கு வந்தது. முதல் தடவை அம்புக்குறிகளை நான் தலைகீழாகப் போட்டேன். அக்காதான் திருத்தினாள்.

ஜோடியைப் பிரித்தேன். இரண்டையும் படிக்க மட்டும், எழுத முடியாதபடி, தனித்தனியாகத் திறந்தேன். திரையில் இரண்டு டிஸ்க் படங்கள் வந்து நின்றன.

"இப்பத்தான் ரெண்டு காட்டுது" என்றாள் அக்கா. "மொதல்லயே இப்படி வெச்சிருக்கலாம்ல?"

அக்காவிடம் ஒரு வெளி டிஸ்க் இருந்தது. தாலியை அதில் ஏற்றி, டின்னரையும் ஏற்றத் தொடங்கினேன். பன்னிரண்டு நிமிடம் என்றது, பிறகு நாற்பது என்றது, பிறகு மூன்று என்றது.

பெண் கால் மணி நேரம் முன்னதாகவே புருஷனோடு வந்துவிட்டாள். அக்கா சிரித்துக்கொண்டே தாலிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள், வழக்கத்தைவிட மெதுவாக.

"அக்கா, டின்னர்ல எங்கப்பா மைக் பிடிச்சுப் பாடுனாரே, அது இருக்கா?" என்று கேட்டாள் பெண்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். திறந்தாள். சட்டைப் பொத்தான் ஒன்று கழன்று, கண்ணை மூடிக்கொண்டு மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார் அப்பா. "ஐயோ, இவர் இந்த ஜென்மத்துல மைக்கக் குடுக்க மாட்டார்" என்று சிரித்து, அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் பெண். அவர் காதுக்கு மேலே, மூலையில், நகல் முடிந்தது என்று அறிவிப்பு எட்டிப் பார்த்தது. அக்கா அதை மூடச் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு அக்கா பையை எடுத்துக்கொண்டாள். "இப்ப ஒன்ன உருவிக்கவா?"

"அய்யோ, வேணாம். இந்த வெளி டிஸ்க்கக் கொண்டு போய் டின்ல வை."

"இதுல ரெண்டும் இருக்கா?"

"இருக்கு" என்றேன். சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்து அதை வாங்கி மறுபடியும் மாட்டினேன். தாலி ஒரு தடவை, டின்னர் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.