கேட்டில் சொல்ல வேண்டிய பெயர்

செருப்பை அங்கேயே விட்டுவிட்டேன் என்பது, சாலையைக் கடந்து மசூதி வரைக்கும் நடந்த பிறகுதான் தெரிந்தது. மதிய வெயிலில் தார் உள்ளங்காலைச் சுட்டது. திரும்பிப் போக மனம் வரவில்லை. புல் இருந்த ஓரமாகப் பார்த்து நடந்தேன்.

நான் எழுந்து வந்த அறை, பெர்மாஸ் ஜெயா கடைவரிசையில் ஒரு சலவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அங்கே ஆலோசகர் அக்கா கைப்பேசியை என் முன்னால் நீட்டி, "இப்பவே கூப்பிடுங்க. உண்மையான பேரச் சொல்லிடுங்க. நான் இங்கேயேதான் இருக்கேன்" என்றார். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

எனக்குத் திக்குவாய். மற்ற எழுத்துகளை எப்படியாவது சமாளித்துவிடுவேன். ‘ப’ வந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும். என் பெயரே ‘ப’வில்தான் தொடங்குகிறது. அன்று காலையில் பாசிர் கூடாங் பக்கம் ஒரு கிடங்கு வேலைக்குப் போன் செய்திருந்தேன். "பேரு என்ன தம்பி?" என்று கேட்டார் சூப்பர்வைசர். உதடு ஒட்டிக்கொண்டது. "ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" வைத்துவிடுவார் என்று தெரிந்தது. என்னோடு அறையில் தங்கியிருந்த லாரிக்காரரின் பெயர் நாக்கில் சுலபமாக வழுக்கிக்கொண்டு வந்தது. அதைச் சொல்லிவிட்டேன். "சரி, நாளைக்குக் காலைல வாங்க. கேட்ல உங்க பேரச் சொல்லி வைக்கிறேன். ஐசி கொண்டாங்க."

ஐசி என்றால் அடையாள அட்டை. அதில் என் பெயர்தானே இருக்கும்.

இப்படிப் போன வேலைகள் நிறைய. குளுவாங்கில் இடைநிலைப் பள்ளி முதல் வருடத்தோடு படிப்பை விட்டேன். எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள், அதுதான் காரணம். செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றினேன், அங்கே பேச்சுக்கு வேலை இல்லை. சிங்கப்பூரில் சட்டி கழுவினேன். தங்காக்கில் ஒரு துணிக்கடையில் நின்றேன். சரக்கு மேல்மாடியில் இருக்கும், கீழே இருந்து நிறத்தைக் கூவினால் மேலே இருப்பவர் தூக்கிப் போடுவார். பச்சையை என்னால் கூவ முடியாது. யாராவது பச்சை கேட்டால், "அந்தக் கலர் முடிஞ்சிருச்சுங்க" என்பேன். தீபாவளிக்கு முந்தின வாரம் முதலாளி அதைக் கேட்டுவிட்டார். "மேல மலை மாதிரி கிடக்கு. கண்ணு தெரியலையாடா உனக்கு?" என்றார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கண் தெரியவில்லை என்று சொல்வது சுலபமாக இருந்தது.

அந்த மழைக்காலம் முழுவதும் வேலை இல்லை. இந்தக் கிடங்கு வேலையையும் விட்டால் அறையைக் காலி செய்துகொண்டு வேறு ஊர் பார்க்க வேண்டும். போகாத ஊர் அதிகம் மிச்சமில்லை.

திக்குவாய்க்காக அந்த மாடி அறைக்குப் பல மாதமாகப் போய்க்கொண்டிருந்தேன். முதலில் உடம்புப் பயிற்சிக்காரர் ஒருவர் பாயில் படுக்க வைப்பார். விலா எலும்புக்குக் கீழே கையை வைத்து, "மூச்சு இங்க வரட்டும்" என்பார். தாடையின் இரண்டு ஓரத்தையும் கட்டைவிரலால் அழுத்தி விடுவார். எழுந்திருக்கும்போது முகம் வேறு யாருடையதோ போல இலேசாக இருக்கும். அந்தப் பாயில் உட்கார்ந்து என் பெயரை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். கீழே சாப்பாட்டுக் கடைக்குப் போனதும் பூரி கேட்க முடியாமல் தோசை தின்றுவிட்டு வருவேன்.

அக்காவின் வழி வேறு. "திக்காம பேச வைக்கிறேன்னு நான் சொல்லவே மாட்டேன். திக்கிக்கிட்டே பேசுங்க, ஒளியாதீங்க" என்பார். கடைக்குப் போய் வேண்டுமென்றே திக்கிவிட்டு வரச் சொல்வார். நான் கடை வாசல் வரை போய்த் திரும்புவேன்.

சாயங்காலம் செருப்புக்காகத் திரும்பிப் போனேன். அக்கா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"வெறுங்கால்ல எதுவரைக்கும் போனீங்க?"

"மசூதி வரைக்கும்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு, "போன் வேணாம், நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். "நாளைக்கு நேர்ல சொல்லுங்க. திக்கும்னு முதல்லயே சொல்லிடுங்க. உதடு ஒட்டினா பிச்சுக்கிட்டு வராதீங்க. ஒட்டின இடத்துலயே நின்னு மெதுவா விடுங்க."

"சிரிச்சா?"

"சிரிக்கட்டுமே. நீங்க கீழ மட்டும் பாக்காதீங்க."

அன்று ராத்திரி லாரிக்காரரிடம் போன் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "என் பேரு உனக்கு அவ்வளவு புடிச்சிருக்குன்னா வச்சிக்க லா, எனக்கு ஒண்ணும் ராசியா இல்ல" என்றார். குளுவாங்குக்குப் பஸ் ஏறிவிடலாமா என்றும் யோசித்தேன்.

காலையில் கிடங்கு கேட்டில் ஒரு தமிழர் காவலுக்கு நின்றார். என்னைவிட மூத்தவர். "பேரு?" என்றார்.

"எனக்குத் திக்கும் அண்ணே. கொஞ்சம் நேரமாகும்."

தெரியாத ஆள் யாரிடமும் இதை அதுவரை சொன்னதில்லை. காது கொதித்தது.

"அட அலமாக், எனக்கென்ன, சாயங்காலம் வரைக்கும் இங்கதான் நிக்கணும்" என்றார்.

உதடு ஒட்டியது. பின்னால் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. காவலுக்கு நின்ற அண்ணன் அதைப் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒட்டின இடத்திலேயே நின்றேன். விலாவுக்குக் கீழே மூச்சு வரவில்லை, தொண்டையில்தான் இருந்தது. கடைசியில் பெயர் துண்டு துண்டாக வந்து முடிந்தது.

"அப்படி யாரும் வர்றதா சொல்லலையே."

போனில் சொன்னது என் பெயர் இல்லை, என் பெயர் வாயில் வரவில்லை என்று விளக்கினேன். அதில் பாதி வார்த்தை ‘ப’. ஒவ்வொன்றிலும் நின்றுதான் போனேன். அவர் சிரித்தார். நான் கீழே பார்க்கவில்லை.

"ஆள மாத்தி அனுப்புனவங்கள பாத்திருக்கேன். சொந்தப் பேர விட்டுட்டு வந்த ஆள இன்னிக்குத்தான்யா பாக்குறேன்" என்று சொல்லி, சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

சூப்பர்வைசர் ஐசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது கேட் வேலை. வாக்கி டாக்கில பேசணும், தெரியும்ல?"

"தெரியும்."

"திக்குமே."

"திக்கும். ஆனா சொல்லி முடிச்சிடுவேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "நேத்து லைன்ல சத்தமே இல்ல, ஆளு செத்துட்டானோன்னு நெனச்சேன். அதுக்கு இது தேவலாம் லா. ஒரு வாரம் நில்லு, பாப்போம்."

வெளிர்நீலச் சட்டை ஒன்றும் வாக்கி டாக்கியும் கொடுத்தார்கள். உள்ளே வரும் ஒவ்வொரு லாரிக்காரரிடமும் பெயர் கேட்டு, கிடங்குக்குள் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. ஹாரன் அடித்த லாரி இன்னும் அங்கேயே நின்றது. சன்னலோரம் போய், "பேரு என்ன அண்ணே?" என்று கேட்க வேண்டும். அதுவும் ‘ப’தான்.

வாயைத் திறந்தேன். உதடு ஒட்டியது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.