இரண்டு அடியில் நின்ற போஸ்ற்றுகள்

வாகீசனின் சிரிப்பைக் கேட்டாலே மகேஸ்வரனுக்கு அருவருப்பாக இருக்கும். அப்படியிருந்தும் அவனோடு ஒரே வான் வண்டியில் ஏறி இறங்கிப் பதினொரு வருடம் வேலை செய்தார்.

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். பிறகு ஒரு தொழிற்சாலை. அதை மூடியபோது, வீடுகளுக்கு மரவேலி அடிக்கும் வாகீசனிடம் போய்ச் சேர்ந்தார். வேலித் தூணான போஸ்ற்றை நடுவதுதான் அவருடைய பொறுப்பு. இங்கே பனிக்காலத்தில் நிலம் நாலு அடிவரை உறையும். அந்த ஆழத்துக்குப் போகாமல் நிற்கும் போஸ்ற்றை உறைந்த மண் கவ்வித் தூக்கிவிடும். வேலி அடிக்கிற எல்லாருக்கும் இது தெரியும். வாகீசனுக்கும் தெரியும்.

ஆனால் களிமண்ணுக்குள் இரண்டு அடியிலேயே கல் முட்டும். கல்லைக் கிண்டி எடுக்கப் பொறுமை வேணும். வாகீசனிடம் அது கிடையாது. "மகேஸ் அண்ணை, காலை அறுத்துவிடுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பான். போஸ்ற்றின் அடியில் இரண்டு அடியை அறுத்துவிட்டு நட்டால், மேலே எல்லாம் ஒரே உயரமாய் நிற்கும். கொங்கிறீற்றுக்குள் எவர் எட்டிப் பார்க்கப்போகிறார்? அறுத்தது மகேஸ்வரன். அறுத்த துண்டுகளைத் தார்ப்பாயால் மூடி வானில் ஏற்றியதும் அவர்தான். ஒவ்வொரு முறையும் அவருக்கு அருவருத்தது. ஒவ்வொரு முறையும் அறுத்தார்.

போன ஏப்ரலில் வாகீசன் அவரைப் பிக்கரிங்குக்கு அனுப்பினான். முந்தின வருடம் அவர்கள் அடித்த வேலி ஒன்று சரிந்துபோயிற்றாம். வீட்டுக்காரி மங்கையற்கரசி, அறுபது வயது கடந்தவர், தனியாக இருக்கிறவர்.

"குளிர் தூக்கிப்போட்டுது எண்டு சொல்லுங்கோ. ரெண்டு சப்போட் கட்டை அடிச்சிட்டு வாங்கோ" என்றான் வாகீசன்.

பின்வளவில் பதினொரு போஸ்ற்றுகளும் குடிவெறிகாரர் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. மகேஸ்வரன் ஒன்றைப் பிடித்து ஆட்டினார். கொங்கிறீற் கட்டியோடு அது கையோடு வந்தது. அடியில் அவருடைய வாள் அறுத்த தடம் அப்படியே இருந்தது. சேறு ஒட்டிய அந்தக் கட்டையைப் பார்க்க, சொத்தைப் பல்லைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்ததுபோல் இருந்தது.

மங்கையற்கரசி தேத்தண்ணியோடு வெளியே வந்தார். "குளிருக்கை நிண்டு கஷ்டப்படுறியள் தம்பி, முதல்ல இதைக் குடியுங்கோ."

மகேஸ்வரன் கோப்பையை வாங்கினார்.

"ஏன் தம்பி, இது உவ்வளவு கட்டையாயிருக்கு?"

"குளிர் அக்கா…" என்று தொடங்கினார்.

"ஓம், இந்தக் குளிர் ஆரைத்தான் விட்டுது. நீங்கள் என்ன செய்வியள் பாவம்."

அந்தப் 'பாவம்' என்ற சொல்தான் அவரைச் சுட்டது. வாகீசனை வெறுத்து வெறுத்தே தன்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்குப் பட்டது.

"குளிர் இல்லை அக்கா. நாலு அடி போகவேணும். நாங்கள் ரெண்டு அடிதான் கிண்டினது. அடியை அறுத்தது நான்தான்."

மங்கையற்கரசி குனிந்தார். பிடுங்கிப் போட்ட கட்டையில் அறுத்த தடத்தைப் பார்த்தார். பிறகு மகேஸ்வரனின் கையிலிருந்த கோப்பையை வாங்கி, தேத்தண்ணியைப் புல்லில் ஊற்றிவிட்டு உள்ளே போனார். கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது.

மகேஸ்வரன் வாகீசனுக்குப் போன் எடுத்தார். "எல்லாத்தையும் கிளப்பிப்போட்டு நாலடியிலை நடப்போறன். புது மரம் அனுப்பு."

"உங்களுக்கென்ன விசரே? ஆர் உதைக் கேட்டது?" என்று சிரித்தான் வாகீசன்.

"வீட்டுக்கார மனுசிக்கு உள்ளதைச் சொல்லிப்போட்டன்."

மறுபக்கத்தில் சிரிப்பு நின்றது. பிறகு தூஷணம் வந்தது. பதினொரு வருடம் 'அண்ணை' என்று கூப்பிட்ட வாயால் வந்தது. மகேஸ்வரன் போனை வைத்தார். அன்றோடு அந்த வேலை முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை தன் காரில் மண்வெட்டியும் கல் நெம்பும் அலவாங்குமாகப் போனார். மங்கையற்கரசி கேற்றைத் திறந்துவிட்டார், கதைக்கவில்லை. மரம் மகேஸ்வரன் வாங்கியது. ஆறு நாள் கல்லோடு மாரடித்தார். உள்ளங்கை வெடித்து இரத்தம் கசிந்தது. ஒவ்வொரு குழியையும் அளவுநாடாவைப் போட்டுக் காட்டினார். மங்கையற்கரசி குனிந்து இலக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார், அவ்வளவுதான். கடைசி நாள் மட்டும் கேட்டார்:

"வேறை எத்தினை வீட்டிலை உப்பிடிச் செய்தனீங்கள்?"

மகேஸ்வரனுக்குத் தொகை தெரியவில்லை. "கனக்க வீட்டிலை" என்றார்.

"த்தூ" என்றார் மங்கையற்கரசி. முகத்துக்கு நேரே, சத்தமில்லாமல்.

இப்போது மகேஸ்வரன் தனியாகத்தான் வேலி அடிக்கிறார். வேலை குறைவு. வாகீசனுக்கு ஸ்ரௌவ்வில்லில் ஒரு தெரு முழுக்க வேலை கிடைத்திருக்கிறது. தமிழ்க் கடை வாசல்களில் அவன் சிரிக்கிற விளம்பரப் படம் தொங்குகிறது. மகேஸ்வரன் தான் போஸ்ற் அறுத்து நட்ட வீடுகளை நினைவில் தேடி, ஒவ்வொன்றாகப் போய்க் கதவைத் தட்டுகிறார். சிலர் கத்துகிறார்கள். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். இதுவரை நாலு வீட்டு வேலிகளைத் திருப்பி நட்டிருக்கிறார். வேலி நேராக நிற்கிறது. ஆனாலும் வீட்டுக்கு வந்து சேறு போகக் கையைக் கழுவும்போது, அந்தக் கையைப் பார்க்க அவருக்கு இன்னும் பிடிப்பதில்லை.