வராத பாய்

எங்கள் தீவின் ஆப்பியா துறைமுகத்தில் நடக்கும் ஆண்டுவிழாப் படகுப் போட்டியில், கரைக் கூட்டத்தின் கூச்சல் காதில் விழுந்த பிறகுதான் எங்கள் படகில் துடுப்புப் போடும் ஃபாலானிக்கோவின் துடுப்பு தண்ணீரை அழுத்தும்; அதுவரை சும்மா நனையும். ஆறு வருடம் பின்னிருக்கையிலிருந்து இதைப் பார்த்தேன். அவர் பக்கத்தில் இரண்டு ஆள் வேலை செய்தவர் என் அப்பா.

போன வருடம் தோற்றோம். அன்றிரவு விருந்தில் ஃபாலானிக்கோ அப்பாவைக் காட்டி, "இந்தக் கிழவன் தாளம் தப்பிட்டான்யா! இவன வச்சுக்கிட்டு எங்க ஜெயிக்கிறது?" என்றார். ஊர்த்தலைவர் அப்பாவைப் படகிலிருந்து நீக்கினார்.

"ஏம்ப்பா, நீங்க வாயத் தொறக்கல?"

"நீதான் காலேஜ் முடிச்சவன். நீ தொறந்தியா?"

விருந்தில் அவர் அதைச் சொன்னபோது, என் வாயில் ஃபாலானிக்கோ வெட்டித் தந்த பன்றித்தொடை இருந்தது.

தவறிழைத்தவர் பாயைத் தலையில் போர்த்தி, பாதிக்கப்பட்டவர் வாசலில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். ஃபாலானிக்கோ சென்ற மாதம் இறந்தார். சவப்பெட்டியருகே ஊரார் இறுதி மரியாதையாகக் கொண்டுவந்த பாய்கள் குவிந்தன. எங்கள் வாசலுக்கு வரவேண்டியது மட்டும் வரவேயில்லை.