ஒழுகாத வண்டி

எனக்கு ஆட்களோடு பேச வராது. டீக்கடையில் சர்க்கரை போட மறந்து கொடுத்தாலும் அப்படியே குடித்துவிட்டுக் காசு கொடுத்து வருகிறவன் நான். டிரைவர் வேலைக்கு வந்ததே அதனால்தான். கேபினில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டால் ஸ்டீயரிங் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை.

ஆனால் பல வருடங்களாக நான் ஓட்டியது என் மச்சானுடைய வண்டியை. மனைவியின் அண்ணன் அவர். பெரார்கஞ்சில் காய்கறி ஏற்றி, போர்ட் பிளேர் மார்க்கெட்டில் இறக்க வேண்டும். மச்சான் வண்டியில் வர மாட்டார். அவருடைய குரல் மட்டும் போனில் கூடவே வரும்.

"எங்க நிக்க மாப்ள? ஏன் நிக்க? கியர மெதுவாப் போடு, அது என் வண்டி."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நிற்கும்போது, "அந்தா நம்ம டிரைவர் வந்துட்டார்" என்பார். தங்கச்சி மாப்பிள்ளை என்று சொல்லக் கூடாது என்று அவருக்கு யாரும் தடை போடவில்லை. அவர் வாயில் அந்த வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான். நானும் சிரித்துக்கொண்டு நிற்பேன். வேறு என்ன செய்ய.

அதனால் எனக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்று நினைத்தேன். பெரிய ஆசையெல்லாம் இல்லை. "ஏன் நிக்க" என்று யாரும் கேட்காத ஒரு வண்டி, அவ்வளவுதான்.

சிப்பிகாட்டில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பழைய டீசல் பிக்கப் கிடந்தது. மெயின்லேண்டுக்குத் திரும்பிப் போன ஒரு கான்ட்ராக்டர் விட்டுப்போனது. டயர்கள் மண்ணில் புதைந்து, பானட்டுக்குள் கொடி ஏறி, டேஷ்போர்டில் எலி குட்டி போட்டிருந்தது. போனில் கேட்டபோது, "எடுத்துக்கோ, இடம் சுத்தமானா சரி" என்று இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டார். கயிறு கட்டி வீட்டு முற்றத்துக்கு இழுத்து வந்த அன்றே மச்சான் பார்க்க வந்தார். சுற்றி வந்தார். டயரை உதைத்தார்.

"அரே மாப்ள, இது பூரா கபாடி. காயலான் கடைக்காரனே வேணாம்பான். இதுலயா லோடு அடிக்கப் போற?"

"பாப்போம் மச்சான்" என்றேன்.

"பாரு, பாரு. என் வண்டிச் சாவி அங்கதான் தொங்கும். எங்க போகப் போற?"

ஞாயிறுகளிலும் சாயங்காலங்களிலும் வேலை நடந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இஞ்சின் ஒரு வசதி. அது எதையும் எழுதிக் காட்டச் சொல்லாது. டீசல் டாங்கியில் இருந்தது டீசல் அல்ல, ஒருவிதக் குழம்பு. அதைக் கொட்டிக் கழுவினேன். டீசல் பம்பைக் கழற்றி ஊருக்குள் கொடுத்து சரி பார்த்தேன். நாசிலும் ஹெட் கேஸ்கட்டும் சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும். கடல் சரியில்லை என்று கப்பல் தள்ளிப்போகும். கப்பல் வந்தால் சாமான் வந்திருக்காது. சாமான் வந்தால் அது வேறு மாடலுக்கானதாக இருக்கும். கடைசியில் ஒரு நாள் இஞ்சின் இருமிற்று, கறுப்பாகப் புகை கக்கிற்று, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. மனைவி காயப்போட்ட துணிகளை எடுக்க ஓடினாள். அதுதான் திறப்பு விழா.

மிச்சம் இருந்தது பின்பாடி. உப்புக்காற்று அதைச் சல்லடையாக்கியிருந்தது. மேலே நின்றால் கீழே ரோடு தெரியும். அதைக் கழற்றி வேலியோரம் போட்டோம். மனைவி அதில் மண் நிரப்பிக் கீரை விதைத்தாள்.

புதிய தகரப் பாடியும் கப்பலில்தான் வர வேண்டும். வந்தாலும் சில வருடங்களில் அதுவும் கீரைப் பாத்தியாகும். இதை நான் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது ஓடாவி கேட்டுவிட்டார்.

எங்கள் கடற்கரைப் பக்கத்தில் வள்ளம் கட்டுகிறவரை ஓடாவி என்போம். இவர் எனக்குப் பெரியப்பா முறை. எனக்குப் பெண் கேட்கப் போன அன்று, நான் பேச வேண்டியதையும் சேர்த்து அவரே பேசினார். இங்கே ஓடைக்கரையில், ரோட்டைப் பார்த்தாற்போல் ஒரு கொட்டகை போட்டு டிங்கிப் படகு கட்டிக் கொடுக்கிறார்.

"தகரம் எதுக்குலே? மரத்துல நான் போட்டுத் தாரேன். உன் பேரனும் ஓட்டுவான்" என்றார்.

வண்டிக்கு மரப்பாடி ஒன்றும் புதுமையில்லை. லாரிக்கெல்லாம் மரத்தில்தான் போடுகிறார்கள். சரி என்றேன். கூலி என்று வாயெடுத்தேன், கெட்ட வார்த்தையில் திட்டு வாங்கினேன்.

நல்ல கர்ஜன் மரப் பலகை. பிசிறில்லாமல் இழைத்தார். மூலைகளை வளைத்தார். நான் அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவே அவர் பஞ்சுத் திரியை வைத்து உளியால் இறுக்கியதைப் பார்த்தேன். குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி அதன்மேல் பூசியதையும் பார்த்தேன். எவ்வளவு கவனமான வேலை என்றுதான் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை. வள்ளம் கட்டுகிற குடும்பத்தில் வளர்ந்தவனுக்குப் பலகை இடுக்கை அடைப்பது விசேஷமாகத் தெரியாது.

வண்டி ஆபீசிலும் ஒன்றும் சொல்லவில்லை. நீளம் அளந்தார்கள், அகலம் அளந்தார்கள், விளக்கு எரிகிறதா என்று பார்த்தார்கள். தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று பார்ப்பது அவர்கள் வேலையில் இல்லை போல.

பெரார்கஞ்சில் தோட்டம் வைத்திருக்கிற ஒரு வங்காளிப் பெரியவரை எல்லோரும் தாதா என்று கூப்பிடுவோம். மச்சான் வண்டிக்கு அவருடைய லோடுதான் பாதி. என் வண்டி ஓடினால் அந்த லோடு எனக்கு என்று அவராகவே சொல்லியிருந்தார். மச்சானின் போன் அவருக்கும் அலுத்திருந்தது.

முதல் லோடு. கத்தரிக்காய், பயத்தங்காய், மேலே கட்டுக் கட்டாகப் பாலக் கீரை. தார்ப்பாய் கட்டிக் கிளம்பினேன். பாதி வழியில் மழை பிடித்தது. எங்கள் ஊர் மழை தார்ப்பாயைக் கேட்டுக்கொண்டு பெய்யாது. மார்க்கெட்டில் தார்ப்பாயை அவிழ்த்தபோது கத்தரிக்காய்கள் மிதந்துகொண்டிருந்தன. பாலக் கீரை மறுபடியும் வளரத் தொடங்கியதைப் போலத் தண்ணீரில் நின்றது. பின்கதவைத் திறக்கலாமென்றால் அதையும் ஓடாவி ஒரு சொட்டு கசியாதபடி இழைத்திருந்தார். திறந்ததும் அத்தனை தண்ணீரும் என் இடுப்பில் வந்து விழுந்தது.

விலை பேச வந்திருந்த தாதா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"அரே பாய், யே காடி ஹை யா தாலாப்?"

வண்டியா குளமா என்று கேட்கிறார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நனைந்த கீரை பாதி விலைக்குப் போனது. "இன்னும் ஒரு வாரம் பாப்பேன். இதேபோல நனைஞ்சா உன் மச்சானைத்தான் கூப்பிடணும், புரா மத் மான்னா" என்றார் தாதா. தப்பாக நினைக்காதே என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து டிரில்லை எடுத்துக்கொண்டு பாடிக்கு அடியில் படுத்தேன். நாலு ஓட்டை போட்டால் முடிந்தது. அப்போது ஓடாவியின் செருப்புகள் தெரிந்தன.

"எப்டிலே, மழைக்கு?"

அடியிலிருந்து வெளியே வந்தேன். பாடியின் மூலையில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றது. அவர் அதில் விரலை விட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா, ஒரு சொட்டு கீழ இறங்கல. நிக்கோபாருக்கே போலாம் இதுல."

"ஆமா பெரியப்பா" என்றேன்.

பிறகு தினமும் வந்தார். வந்து பாடியைத் தட்டிப் பார்ப்பார், கையால் தடவிப் பார்ப்பார். நான் ஒவ்வொரு மழைக்கும் வாளியும் கையுமாகப் பின்னால் ஏறித் தண்ணீர் இறைத்தேன். டிரில்லைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். எனக்காகப் பெண் கேட்டுப் பேசிய மனுஷனிடம், நீங்கள் செய்தது ஒழுக மாட்டேன் என்கிறது என்று எப்படிப் புகார் சொல்வது?

தாதா கொடுத்த வாரம் முடிந்துகொண்டு வந்தது. மச்சான் வந்து வண்டியில் சாய்ந்துகொண்டு, "மாப்ள, மீன் வளக்கப் போறியாமே, மார்க்கெட்டுல பேசிக்கிறாங்க" என்றார். அவருடைய வண்டிச் சாவி அவர் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் ஓடாவி வந்தபோது மனைவி வேலியோரத்துப் பழைய பாடியில் கீரை பிடுங்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"பெரியப்பா, கரையில ஏத்தி வச்ச டிங்கியில மழத்தண்ணி நின்னா என்ன செய்வீங்க?"

"அடைப்பானப் பிடுங்கி விடுவேன். இது என்னட்டி கேள்வி?"

"இந்தப் பாடில அடைப்பான் எங்க இருக்கு? நானும் தேடித் தேடிப் பாக்கேன், காணல."

ஓடாவி வண்டியைப் பார்த்தார். குனிந்து அடிப்பலகையைத் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பி, "அடைப்பான் இல்லாம வள்ளத்த வாங்கிருக்கியே, கண்ணு எங்கலே போச்சு?" என்று என்னைத் திட்டினார். நான் மகிழ்ச்சியோடு தலைகுனிந்து நின்றேன்.

மறுநாளே பாடியின் பின்மூலையில் ஓர் ஓட்டை வந்தது. அதற்கு அளவாக, கைப்பிடியோடு ஒரு மர அடைப்பானும் வந்தது. கூடவே ஒரு சட்டமும் வந்தது.

"நிக்கும்போதுதான் திறக்கணும். ஓடும்போது அடச்சு வைக்கணும். அடைப்பானத் திறந்து போட்டுக்கிட்டு எவனாவது கடல்ல இறங்குவானா?"

தண்ணீர் மேலேயிருந்துதானே வருகிறது என்று சொல்ல நினைத்தேன். "சரி பெரியப்பா" என்று சொன்னேன்.

ஆகவே பெரார்கஞ்சிலிருந்து அடைப்பானைத் திறந்துபோட்டு ஓட்டி வருவேன். ஓடைக்கரை வளைவில், கொட்டகை கண்ணில் படுவதற்கு முன் நிறுத்துவேன். இறங்கி அடைப்பானைச் சொருகுவேன். கொட்டகையைத் தாண்டுவேன். ஓடாவி ஸ்டூலில் உட்கார்ந்தபடி கையைத் தூக்குவார். நான் ஹார்ன் அடிப்பேன். அடுத்த கல்வெர்ட் பாலம் தாண்டியதும் மறுபடி நிறுத்தி, இறங்கி, பிடுங்குவேன். சரக்கு மிதக்காமல் இருக்க நான் நனைந்தேன். காய்கறி கெடவில்லை. தாதாவின் லோடு என்னிடமே நின்றது. மச்சான் ஒரு மாதம் பேசாமல் இருந்தார். பிறகு தன் வண்டியின் தகரம் சல்லடையானதும், "எனக்கும் ஒண்ணு போட்டுத் தரச் சொல்லேன் மாப்ள, நீ சொன்னா கேப்பார்" என்றார். நான் சொன்னால் கேட்பாராம்!

மழை விட்டு ஒரு வாரம் ஆன ஒரு நல்ல வெயில் நாளில், ஓடாவி ரோட்டில் இறங்கி நின்று வண்டியைக் கைகாட்டி நிறுத்தினார். அந்த வாரமெல்லாம் கழுவிய கீரை லோடுதான். அடைப்பான் அடைத்துத்தான் இருந்தது.

"நீ போன பொறவு டீ குடிக்க நடந்து போவேம்லா" என்றார். "அந்த வளைவு வரைக்கும் ரோட்டுல ஒரு ஈரக்கோடு வருது. பொறவு என் கொட்டகை முன்னால சுத்தமாக் காஞ்சு கிடக்கு. கல்வெர்ட்டுக்கு அங்கிட்டு மறுபடியும் கோடு ஓடுது. தினம் பாக்கேன். கோளாறு பாடியிலயா, ரோட்டுலயாலே?"

நான் ஸ்டீயரிங்கைப் பார்த்தேன். அது எதுவும் கேட்கவுமில்லை, எனக்காகப் பதில் சொல்லவுமில்லை.

"சாயங்காலம் கொண்டா" என்றார். "ஒரு ஓட்டை பத்தாது. இன்னும் ரெண்டு போடுதேன். திறந்தே போட்டு ஓட்டு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

போட்டார். இரண்டுக்கும் இரண்டு அடைப்பான்களும் செய்தார். திறந்தே கிடக்கப்போகிற ஓட்டைக்கு அடைப்பான் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் வளைவில் நிறுத்தாமல் வந்தேன். மூன்று ஓட்டையிலும் தண்ணீர் ஒழுக, கொட்டகையைத் தாண்டினேன். ஸ்டூல் திருப்பிப் போடப்பட்டிருந்தது. ஓடாவி ஓடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. ஹார்ன் அடித்தேன். அவர் திரும்பவில்லை.

அதற்கடுத்த நாள் நல்ல மழை. வளைவில் நிறுத்தி இறங்கி அடைப்பான்களைச் சொருகினேன். மூன்று அடைப்பான்கள் என்பதால் முன்னைவிட அதிகமாக நனைந்தேன். அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி சட்டையைப் பார்த்தாள்.

"மறுபடியும் நின்னீங்களா?"

"ம்" என்றேன்.

"அவரு?"

"ரோட்டப் பாத்துதான் உக்காந்திருந்தார்" என்றேன்.