நாலு விரல் இடைவெளி

அசரியா அண்ணன் சமதரையில் வண்டியை நிறுத்தினாலும் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல் வைப்பார். அந்தக் கல்லை சீட்டுக்கு அடியிலேயே வைத்திருந்தார். ஒரு பக்கம் உடைந்த செங்கல். வைத்துவிட்டு நாலு எட்டு நடப்பார், திரும்பி வந்து காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். அப்புறம்தான் மனசு ஆறும். அதுவும் முழுசாக ஆறாது.

அஸ்தினாபுரத்தில் அவர் வீட்டு முன்னறையில் நான் குடியிருந்தது எழுபத்திரண்டாம் வருஷம். உத்திரமேரூருக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். அந்த ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், பி.எஸ்ஸி. கணிதம். சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன், சொல்ல வேண்டாத இடத்திலும் சொல்லியிருக்கிறேன். கிண்டியில் ஓர் ஆபீசில் குமாஸ்தா வேலை. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

அண்ணன் பன்னிரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். விஜயவாடா, நாக்பூர் என்று சுற்றிவிட்டு மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவாராம். அவர் மனைவி ஹில்டா அக்கா மிஷன் டிஸ்பென்சரியில் நர்ஸ். பெரிய பெண் பேசப் பழகிய புதிதில் தன்னைப் பார்த்து, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்றதை அண்ணன் என்னிடமே மூன்று முறை சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார்.

அதனால்தான் ராணுவம் ஏலம் விட்ட ஒரு பழைய ஜீப்பை எடுத்தார். ஏரிக்கரை ஊர்களுக்கு மழைக்காலத்தில் நர்சுகளைக் கூட்டிப்போக டிஸ்பென்சரிக்கு வண்டி தேவைப்பட்டது. வண்டியும் அவரும் சேர்ந்து அந்த வேலைக்குப் போவதாகப் பேச்சு. ஒரே நிபந்தனை, பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து, ஓட்டலாம் என்று சர்டிபிகேட் தர வேண்டும். ஆனால் ஏலத்தில் வந்த ஜீப்புக்கு முன்பக்கம் மட்கார்டே இல்லை. இரண்டு சக்கரமும் அம்மணமாக நின்றன. செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டரிடம் காட்டும் நாள். மறுபடி லாரி ஓட்டக் கூப்பிட்டு விஜயவாடா லாரிக் கம்பெனியிலிருந்தும் ஒரு கடிதம் வந்திருந்தது. வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ புதன்கிழமைக்குள் எழுதாவிட்டால் அந்த இடமும் போய்விடும்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் டிங்கர் வேலை செய்யும் குப்புராஜ் கையை விரித்துவிட்டார்.

"ரெண்டு வாரம் ஆவும்ணே. பஸ்ஸு ஒண்ணு தொறந்து போட்டுக்கீது, பாரு. தண்டவாளத் துண்டு, உளி, கத்திரி எல்லாம் எடுத்துகினு போ. நீயே அடிச்சிக்க."

வீட்டிலேயே அடிப்பது என்று முடிவாயிற்று. எண்ணெய் பேரல் ஒன்றைப் பிளந்து தகடு எடுத்தோம். அண்ணன் சக்கரத்துக்கு மேலே உள்ளங்கையை நிறுத்திப் பிடித்து ஏதோ யோசித்தார். நான் விடவில்லை.

"அண்ணா, கையால அளக்கிற வேலையா இது? இருங்க."

நாலு செய்தித்தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டினேன். ஆணி அடித்து நூல் கட்டி, சக்கரத்தின் ஆரம் எடுத்து, அதற்கு மேல் இரண்டு அங்குலம் விட்டு வட்டம் போட்டேன். வெட்டிய காகிதத்தைச் சக்கரத்தின் மேல் பிடிக்கச் சொல்லி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தேன், எங்கும் இடிக்கவில்லை. என் படத்தை அக்கா வந்து பார்த்துவிட்டு, "ரோஜாப்பூ மாதிரி இருக்கு தம்பி" என்றாள். அண்ணன் படத்தையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு அங்குலம் போதுமா தம்பி?"

"அதுக்கு மேல விட்டா சேறு கண்ணாடி மேல அடிக்கும்ணா. கணக்குப் போட்டுத்தான் சொல்றேன்."

"சரி, நீங்க சொன்னாச் சரி."

மூன்று சாயங்காலம் அடித்தார். தண்டவாளத் துண்டின் மேல் தகட்டை வைத்து விளிம்பு மடக்கும் சத்தத்துக்கு, எதிர்வீட்டு ஸ்ரீநிவாசராகவன் சார் ரேடியோ செய்தியை எட்டூருக்குக் கேட்கிற மாதிரி வைத்தார். சனிக்கிழமை மாட்டியபோது டயரை அணைத்தாற்போல் இரண்டும் வளைந்து நின்றன. நானே அடித்தது போல நாலு பேரிடம் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும், ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று அண்ணன் சொன்னார். வெள்ளிக்கிழமைதான் நல்ல மழை. செம்பாக்கம் ஏரி ஓரம் இறங்கினோம். வண்டியில் அண்ணன், அக்கா, நான், வேடிக்கை பார்க்க ஏறிக்கொண்ட குப்புராஜ்.

நூறு கஜம் நன்றாகப் போயிற்று. பிறகு ஸ்டியரிங் கனத்தது. அண்ணன் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை, கழுத்து நரம்பு மட்டும் தெரிந்தது. ரப்பர் கருகும் வாசனை வந்தது. இடது சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் களிமண்ணில் அப்படியே சறுக்கியது. வண்டி ஏரித் தண்ணீரைப் பார்த்துச் சாய்ந்து நின்றுவிட்டது.

இறங்கிப் பார்த்தோம். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் என்னுடைய இரண்டு அங்குலத்தில் களிமண் இட்லி மாதிரி இறுகி அடைத்திருந்தது.

"இன்னா வாத்யாரே," என்றார் குப்புராஜ் என்னைப் பார்த்து, "மட்கார்டு வரைஞ்சியா, மண்ணு அப்புற சட்டி வரைஞ்சியா?"

"அவரை ஏன் சொல்றீங்க? அடிச்சது யாரு?" என்றாள் அக்கா. குரலில் சிரிப்பு இருந்தது. ஆனால் தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் குச்சி எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார். ஊரில் மழை நாளில் மாட்டு வண்டிச் சக்கரத்தில் அப்பிய களிமண்ணைப் பத்து வயதிலிருந்து குச்சி வைத்துச் சுரண்டியவன் நான். அந்த மண் எவ்வளவு கனம் ஏறும் என்று என் கைக்குத் தெரியும். நூல் பிடித்து வட்டம் போட்டபோது அது என் ஞாபகத்துக்கே வரவில்லை.

"அண்ணா, உங்களுக்கு இது தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க பி.எஸ்ஸி. காகிதத்துல போட்டுக் காட்டிட்டீங்க. காகிதத்துக்கு எதிரா நான் என்னத்தப் பேச?"

மண்ணைச் சுரண்டி எடுத்து, வண்டியைத் தள்ளி ரோட்டில் ஏற்றி வீடு வந்து சேர்ந்தோம். அன்றிரவு அண்ணன் சாப்பிடவில்லை என்று அக்கா காலையில் சொன்னாள். விஜயவாடாக் கடிதத்தை வேதாகமத்துக்குள்ளிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாராம்.

திங்கட்கிழமையிலிருந்து நான் இரண்டு நாள் லீவு போட்டேன். மட்கார்டைக் கழற்றி, அடியில் மரக்கட்டை கொடுத்துத் தூக்கினோம். மேலே இடம் கிடைத்தது, முன்னும் பின்னும் கிடைக்கவில்லை. அண்ணன் நாலு விரலைச் சேர்த்து டயருக்கும் தகட்டுக்கும் நடுவில் செங்குத்தாக நுழைத்துக்கொண்டே போனார். விரல் நுழையாத இடத்தில் எல்லாம் சாக்கட்டியால் கோடு. அந்தக் கோட்டில் உளி வைத்தார். என் வட்டத்தின் இரண்டு நுனியும் தரையில் விழுந்தன. மிச்சம் மாட்டியபோது சக்கரத்துக்கு மேல் முறம் கவிழ்த்தது போல இருந்தது. இதை இன்ஸ்பெக்டர் ஏற்பாரா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை வண்டிகள் பார்க்கும் மைதானத்தில் எங்கள் முறை வரும்போது மணி இரண்டு. அண்ணன் வண்டியை நிறுத்திக் கல் வைத்தார், தட்டிப் பார்த்தார், மறுபடி தட்டினார். இன்ஸ்பெக்டர் வைத்தீஸ்வரன் ஒல்லியான மனிதர். பிரேக், விளக்கு, ஹாரன் எல்லாம் பார்த்துவிட்டு முன்பக்கம் வந்து நின்றார்.

"இது என்ன, டயருக்குக் குடையா?"

அண்ணன் வாய் திறப்பதற்குள் நான் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். "சார், ஆக்சுவலி..."

"தம்பி, சும்மா இருங்க" என்றார் அண்ணன். என்னிடம் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. டயருக்கும் தகட்டுக்கும் நடுவில் கையை நுழைத்தார்.

"ஐயா, ஏரிக்கரை ஊருங்களுக்கு நர்சம்மாவக் கூட்டிப்போற வண்டி. களிமண்ணு இந்தக் கனம் ஏறும். இந்தக் கை போகலேன்னா சக்கரம் சுத்தாது. ஞாயித்துக்கிழமை நின்னுபோச்சு. உள்ள எம் பொஞ்சாதி இருந்தா."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். தன் கையையும் நுழைத்துப் பார்த்தார்.

"சரி, உன் சக்கரம் சுத்தும். பின்னால சைக்கிள்ல வர்றவன் மூஞ்சியெல்லாம் சேறாகுமே, அவனுக்கு என்ன வழி?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சக்கரத்தைப் பார்த்தேன்.

"சக்கரத்துக்குப் பின்னால ரப்பர் தொங்கவிட்டுக் கொண்டா. நாலு மணிக்கு நான் எழுந்து போயிடுவேன். அதுக்கு மேலே அடுத்த மாசம்."

அடுத்த மாசத்துக்குள் டிஸ்பென்சரி வேறு வண்டி பார்த்துவிடும். ரோட்டோரப் பஞ்சர் கடைக்கு ஓடினேன், பி.எஸ்ஸி. என்று யாரிடமும் சொல்லாமல் ஓடினேன். லாரி டியூப் பழசு ஒன்று கிடைத்தது. அண்ணன் அதைக் கத்தியால் இரண்டாக அறுத்தார். துளை போட ஆணி இருந்தது, மாட்ட போல்ட் இல்லை. சீட்டின் நாலு போல்ட்டையும் கழற்றி அதில் முடுக்கினார். சீட் இல்லாமல் தகரத்தின் மேல் உட்கார்ந்து வண்டியை அண்ணன் ஓட்டிக்கொண்டு வந்தபோது இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். சீட்டில்லாத இடத்தைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

"சீட்டை மாட்டிட்டுத்தான் நர்சம்மாவ ஏத்தணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

போல்ட் இல்லாத சீட்டை இடத்தில் சும்மா வைத்துக்கொண்டு வீடு வந்தோம். வாசலில் அக்கா காத்திருந்தாள். சர்டிபிகேட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படித்தாள்.

"விஜயவாடாவுக்கு என்ன எழுதப் போறீங்க?"

"தம்பி எழுதட்டும். வரலன்னு எழுதினாப் போதும்."

சொல்லிவிட்டு இரண்டு எட்டு வைத்தவர் சட்டென்று நின்றார். திரும்பி வந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார்.

"கல்லு."

அவசரத்தில் மைதானத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். வாசல் சமதரை, வண்டி அசைய வழியே இல்லை.

"சமதரைதானே, வாங்க சாப்பிட" என்றாள் அக்கா.

அவர் அசையவில்லை. ஒரு கையை பானெட்டின் மேல் வைத்து வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணக்குப்படி அந்த வண்டி எங்கேயும் போகாது. நான் அதைச் சொல்லவில்லை. கொல்லைப்புறம் போய் ஒரு செங்கல் தேடிக் கொண்டுவந்து சக்கரத்துக்குப் பின்னால் வைத்தேன். அவர் குனிந்து அதைக் காலால் தட்டிப் பார்த்தார்.