இரைப்பும் இழுப்பும்

தகரக் கூரையில் மழை ஓய்ந்த பிறகும் எங்கள் பேத்துப்பாறை வீட்டுக்குள் ஒரு சத்தம் ஓயாது. என் தங்கை பூங்கொடியின் நெஞ்சிலிருந்து, துருப்பிடித்த கீல் அசைவதுபோல் வரும் சத்தம்.

அப்பா அதை ‘இரைப்பு’ என்பார், அம்மா ‘இழுப்பு’ என்பாள். ஒரே நோய்தானே, யார் எப்படிச் சொன்னால் என்ன என்றுதான் நானும் இருந்தேன். இரைதல் என்றால் ஒலித்தல், கடலுக்கும் காற்றுக்கும் சொல்கிற இரைச்சலும் அதில் பிறந்ததுதான் என்பதெல்லாம் பின்னாளில் அகராதியைப் புரட்டித் தெரிந்துகொண்டது. அப்பாவின் சொல் காதில் விழுந்ததற்கு வைத்த பெயர். அம்மாவின் சொல்லோ, ஒவ்வொரு மூச்சையும் உள்ளே இழுக்க அந்தப் பிள்ளை பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்து வைத்த பெயர்.

ஐப்பசி, கார்த்திகையில் பூண்டுக் காட்டுக்குப் போகிறவர்கள் எங்கள் வாசலில் நின்று, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்க மாட்டார்கள். “சத்தம் நின்னுச்சா?” என்றுதான் கேட்பார்கள். நின்றால்தான் அப்பா வேலைக்குப் போவார்.

அப்படி ஒரு காலையில், விடாமல் இரைந்துகொண்டிருந்த நெஞ்சு சட்டென்று ஓய்ந்தது. “நின்னுருச்சு, இனி பயமில்ல. வெள்ளனே போனாத்தான் சோலி முடியும்” என்று அப்பா மண்வெட்டியை எடுத்தார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா மட்டும் தங்கையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். விலா குழி விழுந்து விழுந்து எழுந்தது, உதடு கறுத்திருந்தது.

“சத்தந்தாங்க நின்னுருக்கு, இழுப்பு நிக்கல. வெரசா ஜீப்பக் கூப்பிடுங்க!”

ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கேரட் ஏற்றி நின்ற ஜீப்பிலிருந்து மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு, அவளை மடியில் கிடத்திக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கையும் வாயையும் மூடி மருந்துக் காற்றுக் கொடுத்தார்கள். வாசலில் நின்ற அப்பா கும்பிடாத சாமியில்லை. வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து மெல்ல அந்தப் பழைய சத்தம் கேட்டது. அடைத்துக் கிடந்த நெஞ்சில் காற்று நுழைய வழி பிறந்திருந்தது.

“இரையுது! ஏத்தா, பிள்ளைக்கு இரையுது!” என்று அப்பா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எந்தச் சத்தம் நிற்கவேண்டும் என்று ஊரே காத்திருந்ததோ, அது திரும்பி வந்ததற்காக அழுதார்.

இப்போது பூங்கொடி வத்தலக்குண்டில் குடித்தனம் செய்கிறாள். கைப்பையில் இன்ஹேலர் இருக்கிறது. அவள் நெஞ்சு இரைந்து கேட்டுப் பல வருஷமாகிறது. அவள் பிள்ளைகளுக்கு இரைப்பும் தெரியாது, இழுப்பும் தெரியாது, ‘வீசிங்’ மட்டும்தான் தெரியும். உற்றுப் பார்க்கிற அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மிஞ்சியிருப்பது அப்பாவின் காதுதான். போனில் பேசும்போது பூங்கொடி ஒரு நொடி மௌனமாக இருந்தாலும் அவர் பதறிப்போய்க் கேட்பார்.

“என்னத்தா, சத்தத்தையே காணோம்?”